‘வெரி’ நிற்கும் இடமும் நில்லாத இடமும்

ஆங்கிலப் பெயரடைகளுக்கு முன்னால் எந்த அளவுச் சொல்லை இடுவது என்பதைப் பற்றியே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே தருகிறேன்.

கேள்வி: கட்டுரை ஒன்றில் ‘வெரி எக்ஸலன்ட்’ என்றும் ‘வெரி ஹ்யூஜ்’ என்றும் எழுதியிருந்தேன். இரண்டு இடங்களிலும் பேராசிரியர் ‘வெரி’யை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ‘வெரி குட்’, ‘வெரி பிக்’ ஆகியவை சரி என்றால் இவை மட்டும் எப்படித் தவறாகும்? தமிழில் ‘மிகப் பெரிய’, ‘மிகச் சிறந்த’ என்று தாராளமாகச் சொல்கிறோமே?
— ஒரு கல்லூரி மாணவி

பதில்: பேராசிரியர் அடித்தது சரிதான். ஆனால் அடித்ததோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொல்லியிருந்தால், நீங்கள் இன்னும் ஐம்பது சொற்களில் இதே தவறைச் செய்யாமல் தப்பித்திருப்பீர்கள். அந்தக் காரணத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

‘பிக்’ என்று ஒரு பொருளைச் சொல்லும்போது, வெளியே சொல்லாவிட்டாலும், மனத்துக்குள் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டுதான் சொல்கிறோம். பெரிய எறும்பு எவ்வளவு பெரிதானாலும் சிறிய யானையை எட்டாது. அந்தந்த இனத்துக்கு நாம் வைத்திருக்கும் நடுத்தர அளவைக் கடந்தது என்பதே ‘பிக்’ என்பதன் பொருள். மொழியியலாளர் எட்வர்ட் சபீர், தம் மறைவுக்குப் பின் 1944-இல் வெளிவந்த கட்டுரையில் இதைப் பற்றி எழுதியபோது, எண்ணிட்டு அளப்பதற்கு முன்பே ஒப்பிட்டுக் கூட்டிக் குறைக்கும் உணர்வு மனித மனத்தில் இருக்கிறது என்பதை எடுத்துக் காட்டினார். இப்படிக் கூட்டவும் குறைக்கவும் இடம்தரும் சொற்களையே ‘கிரேடபிள் அட்ஜெக்டிவ்’ என்கிறார்கள். ‘கோல்ட்’, ‘டயர்ட்’, ‘எக்ஸ்பென்சிவ்’, ‘டிஃபிகல்ட்’ எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு முன்னால் ‘எ லிட்டில்’ என்றால் சிறிதளவு. ‘ஃபேர்லி’ என்றால் ஓரளவு. ‘வெரி’ என்றால் மிகுதி. ‘எக்ஸ்ட்ரீம்லி’ என்றால் மிக மிகுதி. படிக்கட்டில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று காட்டுவதுதான் இந்த அளவு வினையடைகளின் வேலை.

‘ஹ்யூஜ்’ என்ற சொல் அந்தப் படிக்கட்டின் நடுவில் நிற்பதில்லை. அது பிறக்கும்போதே உச்சிப் படியில் பிறந்த சொல். ‘வெரி பிக்’ என்பதை ஒரே சொல்லில் அடக்கியதே ‘ஹ்யூஜ்’. ‘வெரி கோல்ட்’ என்பதே ‘ஃப்ரீஸிங்’. ‘வெரி டயர்ட்’ என்பதே ‘எக்ஸாஸ்டட்’. ‘வெரி ஆங்ரி’ என்பதே ‘ஃப்யூரியஸ்’. ‘வெரி டர்ட்டி’ என்பதே ‘ஃபில்தி’. ‘வெரி ஸ்மால்’ என்பதே ‘டைனி’. ஏற்கெனவே உள்ளே ஒரு ‘வெரி’ இருக்கும் சொல்லுக்கு வெளியிலும் ஒரு ‘வெரி’யை ஒட்டுவது நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவதைப் போன்றது. இத்தகைய சொற்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் வருபவை வேறு: ‘அப்ஸொலூட்லி ஹ்யூஜ்’, ‘கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்’, ‘அட்டர்லி ஃபில்தி’. இவை படி ஏற்றுவதில்லை. ‘ஆம், உச்சிப் படியேதான்’ என்று அழுத்தம் தருகின்றன. இதே காரணத்தால் ‘அப்ஸொலூட்லி பிக்’ என்பதும் ‘எ பிட் ஹ்யூஜ்’ என்பதும் ஆங்கிலக் காதுக்கு உறுத்துகின்றன. இரு வகைக்கும் பொதுவாக நிற்பது ‘ரியலி’. ‘ரியலி பிக்’, ‘ரியலி ஹ்யூஜ்’ இரண்டும் பேச்சில் இயல்பானவை; முறையான கட்டுரையில் மட்டும் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இப்படி இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது; நாம் கவனிப்பதில்லை. ‘கரிய’ என்பதை ‘மிகக் கரிய’ என்று சொல்லலாம். ‘கன்னங்கரேல்’ என்பதை ‘மிகவும் கன்னங்கரேல்’ என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. ‘சற்றே கன்னங்கரேல்’ என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்ப்போம். ‘வெள்ளை வெளேர்’, ‘செக்கச் செவேல்’, ‘பச்சைப் பசேல்’ எல்லாம் அப்படியே. அந்தச் சொற்களில் மிகுதி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் காது ‘மிகவும் கன்னங்கரேல்’ என்பதை மறுக்கிறதே, பேராசிரியரின் காது ‘வெரி ஹ்யூஜ்’ என்பதை மறுத்தது அதே உணர்வால்தான். ஆகவே இது புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டிய விதி அன்று. தமிழில் உங்களிடம் இருக்கும் நுண்ணுணர்வை ஆங்கிலச் சொற்களுக்கும் பழக்க வேண்டியதுதான்.

ஐயம் வந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தப் பெயரடைக்கு முன்னால் ‘ஹவ்’ என்பதை வைத்துக் கேள்வி கேளுங்கள். ‘ஹவ் பிக் இஸ் இட்?’ என்பது இயல்பான கேள்வி. ‘ஹவ் ஹ்யூஜ் இஸ் இட்?’ என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. ‘ஹவ்’ இயல்பாக நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ‘வெரி’யும் நிற்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த எல்லை சுவர் போன்றதன்று, வேலி போன்றது. பழைய முறைமைச் சொற்றொடர்களில் ‘எக்ஸலன்ட்’ என்பதற்கு முன்னால் மிகைச் சொல் வந்திருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டங்களின் தொடக்க வாசகத்தில் அரசரை ‘மோஸ்ட் எக்ஸலன்ட் மேஜஸ்டி’ என்று குறிப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. அது மரபாக உறைந்துபோன வாசகம். அதை முன்மாதிரியாகக் கொண்டு இன்றைய கட்டுரையில் எழுத வேண்டாம்.

கேள்வி: ‘யுனீக்’, ‘பெர்ஃபெக்ட்’ போன்ற சொற்களுக்கு முன்னால் ‘மோர்’, ‘வெரி’ வரக் கூடாது என்று போட்டித் தேர்வுப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். ஆனால் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையிலேயே ‘மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்று இருக்கிறது. எதை நம்புவது?
— தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளைஞர்

பதில்: தேர்வில் பயிற்சியாளர் சொன்னதையே எழுதுங்கள். தேர்வுக்கு வெளியே இன்னும் சற்று நுட்பமாகப் பார்ப்போம்.

முதல் பதிலில் சொன்ன ‘பிக்’, ‘கோல்ட்’ போன்றவற்றின் அளவுகோலுக்கு மேல் நுனி என்று ஒன்று கிடையாது. எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதைவிடப் பெரியது இருக்கக் கூடும். ‘ஃபுல்’, ‘எம்ப்ட்டி’ என்பவை அப்படியல்ல. பாத்திரம் நிறைந்துவிட்டால் அதற்கு மேல் நிறைய இடமில்லை. காலியாகிவிட்டால் அதற்குக் கீழே காலியாக எதுவுமில்லை. இரு முனையிலும் எல்லை உள்ள அளவுகோல் இது. இங்கே ‘கம்ப்ளீட்லி’ என்பது எல்லையைத் தொட்டதைக் காட்டும். ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’, ‘விர்ச்சுவலி’ ஆகியவை எல்லையை நெருங்கியதைக் காட்டும். ‘ஆல்மோஸ்ட் எம்ப்ட்டி’ என்று சொல்லலாம். ‘ஆல்மோஸ்ட் பிக்’ என்று சொல்வதில்லை. நெருங்குவதற்கு ஓர் எல்லை வேண்டுமே!

இதைவிடச் சுவையானது, ஒரு முனையில் மட்டும் எல்லை உள்ள இணைகள். ‘ஸ்ட்ரெய்ட்’ என்றால் நேரானது, ‘பென்ட்’ என்றால் வளைந்தது. கம்பி சிறிதளவு வளைந்தாலே அது வளைந்த கம்பிதான்; ஆகவே ‘ஸ்லைட்லி பென்ட்’ என்பது நன்றாகப் பொருந்துகிறது. ‘ஸ்லைட்லி ஸ்ட்ரெய்ட்’ பொருந்துவதில்லை. நேர் என்பது எல்லை. அதற்குரியது ‘கம்ப்ளீட்லி ஸ்ட்ரெய்ட்’ அல்லது ‘பெர்ஃபெக்ட்லி ஸ்ட்ரெய்ட்’. ‘டர்ட்டி’க்கும் ‘க்ளீன்’ என்பதற்கும், ‘வெட்’ என்பதற்கும் ‘ட்ரை’ என்பதற்கும் இதே உறவுதான். சிறிது அழுக்கு இருந்தாலே அழுக்கு. ஆனால் தூய்மை என்று சொல்ல அழுக்கு முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு முன்னால் ‘ஸ்லைட்லி’ பொருந்துகிறதா, ‘கம்ப்ளீட்லி’ பொருந்துகிறதா என்று பார்த்தாலே அந்தச் சொல்லின் அளவுகோல் எந்த முனையில் முடிகிறது என்பது தெரிந்துவிடும். ஆங்கிலம் கற்றுத்தரும் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு, எது பொருந்தாது என்று அறியப் பட்டியல் எதுவும் தேவைப்படாது.

இனி உங்கள் ‘மோர் பெர்ஃபெக்ட்’. 1787-இல் எழுதப்பட்ட அந்த முகவுரையில் அச்சொல்லுக்கு ‘குறைவற்ற நிலைக்கு இன்னும் நெருக்கமான’ என்பது பொருள். எல்லையைத் தாண்டுவதாகச் சொல்லவில்லை. எல்லையை நோக்கிய தூரம் குறைவதாகச் சொல்கிறது. அந்த வகையில் அது பிழையன்று. ‘யுனீக்’ என்பதற்கு ‘ஒன்றே ஒன்று’ என்னும் கண்டிப்பான பொருளோடு ‘தனித்தன்மை வாய்ந்த’ என்னும் தளர்ந்த பொருளும் வழக்கில் வந்துவிட்டது. அந்தத் தளர்ந்த பொருளில்தான் பலர் ‘வெரி யுனீக்’ என்கிறார்கள். நான் அப்படி எழுதுவதில்லை. ‘ஆல்மோஸ்ட் யுனீக்’ என்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

அளவுகோலே இல்லாத பெயரடைகளும் உண்டு. ‘அன்யுவல்’ என்றால் ஆண்டுதோறும். ‘வுடன்’ என்றால் மரத்தாலான. இவை ஒரு பொருளை வகைப்படுத்துபவை. இவற்றில் கூடுதல் குறைவுக்கு வழியில்லை. ஆனால் வகைப்படுத்தும் சொல்லுக்கு முன்னால் வேண்டுமென்றே ‘வெரி’யை இட்டால் அந்தச் சொல்லின் பொருளே மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். ‘இங்கிலிஷ்’ என்பது நாட்டைக் குறிக்கும். ‘வெரி இங்கிலிஷ்’ என்பது நடை, பேச்சு, இயல்பு ஆகியவற்றைக் குறிக்கும்.

கேள்வி: நான் தயாரித்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, பிரிட்டனைச் சேர்ந்த மேலாளர் ‘க்வைட் குட்’ என்று எழுதியிருந்தார். பாராட்டு என்று மகிழ்ந்தேன். நண்பர் ஒருவர் ‘அது பாராட்டே இல்லை’ என்கிறார். உண்மை என்ன?
— ஓர் அலுவலக ஊழியர்

பதில்: நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. ‘க்வைட்’ என்பதன் பழைய பொருள் ‘முற்றிலும்’. எல்லை உள்ள சொற்களோடும் உச்சிச் சொற்களோடும் வரும்போது அந்தப் பொருள் இன்றும் நிற்கிறது: ‘க்வைட் இம்பாஸிபிள்’ என்றால் முற்றிலும் இயலாதது, ‘க்வைட் ரைட்’ என்றால் முழுக்கச் சரி, ‘நாட் க்வைட்’ என்றால் முழுமையாக இல்லை. கூட்டிக் குறைக்கத் தக்க ‘குட்’ போன்ற சொல்லோடு வரும்போது பிரிட்டனில் அது பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்கர் எழுதியிருந்தால் ‘மிக நன்று’ என்று எடுத்துக்கொள்ளலாம். பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் உதவும். எழுத்தில் அது இல்லாததால், அதே அறிக்கையைப் பற்றி அவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

இதனருகிலேயே வைத்துப் பார்க்க வேண்டியவை ‘ஃபேர்லி’யும் ‘ராதர்’ என்பதும். இரண்டும் ஏறத்தாழ ஒரே படியைக் காட்டினாலும், சொல்பவரின் மனநிலை வேறு. அறை ‘ஃபேர்லி வார்ம்’ என்றால் இதமாக இருக்கிறது என்ற நிறைவு. ‘ராதர் வார்ம்’ என்றால் கொஞ்சம் புழுங்குகிறது என்ற முணுமுணுப்பு அதில் இருக்கக் கூடும். ‘எ பிட்’ என்பதும் குறை சொல்லும் சொற்களோடுதான் நன்றாகச் சேரும். ‘எ பிட் எக்ஸ்பென்சிவ்’ என்பார்கள். ‘எ பிட் பியூட்டிஃபுல்’ என்று சொல்வதில்லை. மேலாளர் உங்கள் அறிக்கையை ‘எ பிட் லாங்’ என்று எழுதினால், சிறிதுதான் நீளம் என்று ஆறுதல் அடையாமல் உடனே சுருக்கிவிடுங்கள். கடுமையைக் குறைத்துச் சொல்வதற்காகவே பலர் அந்தச் சொற்களை இடுகிறார்கள்.

கேள்வி: மாணவி ஒருத்திக்கு எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் ‘ஷி இஸ் டூ இன்டெலிஜென்ட்’ என்று எழுதினேன். அவள் மிகவும் அறிவாளி என்பதைத்தான் சொல்ல நினைத்தேன். இதைத் திருத்தச் சொல்கிறார்கள்.
— ஓர் ஆசிரியை

பதில்: அனுப்பும் முன் திருத்திவிடுங்கள், அம்மா. ‘டூ’ என்பது மிகுதியைக் காட்டுவதில்லை. தேவைக்கு மேற்பட்டதைக் காட்டுகிறது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்கிறோமே, அந்த ‘அளவுக்கு மிஞ்சி’ என்பதே ‘டூ’. பெட்டி ‘வெரி ஹெவி’ என்றால் கனமானது, ஆனாலும் தூக்கிவிடலாம். ‘டூ ஹெவி’ என்றால் தூக்க முடியாத அளவுக்குக் கனமானது. உங்கள் வாக்கியத்தைப் படிப்பவர், அந்த அறிவால் ஏதோ இடையூறு என்று நீங்கள் சொல்ல வருவதாக நினைத்து அடுத்த வரியில் அதைத் தேடுவார். ‘எக்ஸெப்ஷனலி இன்டெலிஜென்ட்’ என்று எழுதினால் நீங்கள் நினைத்த பாராட்டு முழுமையாகப் போய்ச் சேரும்.

தேவைக்குப் போதுமான அளவைச் சொல்ல ‘எனஃப்’ இருக்கிறது. மற்ற அளவுச் சொற்களெல்லாம் பெயரடைக்கு முன்னால் நிற்க, இது மட்டும் பின்னால் நிற்கும்: ‘ஸ்ட்ராங் எனஃப்’. ‘டூ’வையே இன்னும் கூட்ட வேண்டுமானால் ‘ஃபார் டூ ஹெவி’ அல்லது ‘மச் டூ ஹெவி’. ‘வெரி டூ’ என்று ஒன்று கிடையாது. ‘யூ ஆர் டூ கைண்ட்’ என்று உபசாரமாகச் சொல்வதுண்டு. ‘எனக்கு இவ்வளவு தகுதியில்லை’ என்ற பணிவு அதற்குள் இருப்பதால் அங்கேயும் மிஞ்சிய பொருள்தான்.

கேள்வி: ‘வெரி பெட்டர்’, ‘மோர் பெட்டர்’, ‘ஐ வெரி லைக் இட்’ ஆகியவற்றில் எது சரி?
— ஒரு வாசகர்

பதில்: மூன்றும் தவறு. ‘பெட்டர்’ என்பதிலேயே ஒப்பீடு இருப்பதால் ‘மோர்’ வேண்டாம். தமிழில் பெயரடை தன் உருவை மாற்றிக்கொள்வதில்லை. ‘விட’ என்பதே ஒப்பீட்டைச் சுமக்கிறது. அதனால்தான் நமக்கு ஒப்பீட்டுக்கென்று ஒரு தனிச் சொல்லைத் தேடும் பழக்கம் வந்து ‘மோர்’ கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. ஒப்பிடும் வடிவத்துக்கு முன்னால் ‘வெரி’ நில்லாது. ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பெட்டர்’, ‘ஸ்லைட்லி பெட்டர்’ என்று சொல்ல வேண்டும். வினைச்சொல்லுக்கு முன்னாலும் ‘வெரி’ தனித்து நில்லாது. ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்று செயப்படுபொருளுக்குப் பின்னால் ‘வெரி மச்’ வர வேண்டும். ‘டயர்ட்’, ‘இன்ட்ரஸ்டட்’ ஆகியவை வினையிலிருந்து பிறந்திருந்தாலும் முழுப் பெயரடைகளாகிவிட்டதால் ‘வெரி’யை ஏற்கின்றன. ‘இம்ப்ரூவ்ட்’, ‘அட்மயர்ட்’ ஆகியவை இன்னும் வினையின் சாயலை விடாததால் ‘மச்’ கேட்கின்றன.

கேள்வி: ‘ஐ வொர்க்ட் ஹார்ட்லி’ என்று எழுதினால் கடுமையாக உழைத்தேன் என்று பொருள்தானே?
— பள்ளி மாணவர்

பதில்: நேர்மாறான பொருள்தான் வந்துவிடும், தம்பி. கடுமையாக என்பதற்கு ‘ஹார்ட்’ என்பதே வினையடை: ‘ஐ வொர்க்ட் ஹார்ட்’. ‘ஹார்ட்லி’ என்றால் ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்ற அளவு. ‘ஐ ஹார்ட்லி வொர்க்ட்’ என்பவர் வேலை செய்யவே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். எதிர்மறை அதற்குள்ளேயே இருப்பதால் அதனுடன் இன்னொரு ‘நாட்’ சேர்க்காதீர்கள். ‘பேர்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’ ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

கேள்வி: எந்தப் பெயரடைக்கு எந்த வினையடை என்று ஒரு பட்டியல் தர முடியுமா? ‘வெரி’யையே திரும்பத் திரும்ப எழுதி எனக்கே அலுத்துவிட்டது.
— மின்னஞ்சலில் ஒரு வாசகி

பதில்: முழுப் பட்டியல் தர இந்த இதழ் போதாது. ஆனால் பட்டியல் ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். மேலே சொன்ன அளவுகோல் கணக்கு எந்தச் சொல் பொருந்தாது என்பதைக் காட்டும். பொருந்தும் சொற்களுக்குள் எதை மக்கள் விரும்பி வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பழக்கம் மட்டுமே காட்டும். குளிர் ‘பிட்டர்லி கோல்ட்’. நோய் ‘சீரியஸ்லி இல்’. வருத்தம் ‘டீப்லி சாரி’. நடக்க வாய்ப்பில்லாதது ‘ஹைலி அன்லைக்லி’. எரிச்சலூட்டும் மெதுவான வேகம் ‘பெய்ன்ஃபுலி ஸ்லோ’. ‘டீப்லி அன்லைக்லி’ என்று மாற்றிப் போட்டால் இலக்கணம் தடுக்காது, ஆனால் வழக்கு தடுக்கும். இன்னும் சில, ஒரு பெயரடைக்கே உரிய துணைச் சொற்கள்: ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் ஆழ்ந்த உறக்கம், ‘வைட் அவேக்’ என்றால் முழு விழிப்பு, ‘பிட்ச் டார்க்’ என்றால் கும்மிருட்டு, ‘ப்ராண்ட் நியூ’ என்றால் புத்தம் புதியது. கும்மிருட்டின் ‘கும்’ என்பதை வெயிலோடு சேர்க்க முடியாது. புத்தம் புதியதின் ‘புத்தம்’ என்பதைப் பழையதோடு சேர்க்க முடியாது. ‘ஃபாஸ்ட்’, ‘பிட்ச்’ ஆகியவையும் அப்படித்தான். ஆகவே இவற்றைத் தனித்தனிச் சொற்களாக எழுதிவைக்காமல், படிக்கும்போது எதிர்ப்படும் இணையை அப்படியே, அது வந்த வாக்கியத்தோடு குறித்துவையுங்கள்.

அலுப்புக்கு இன்னொரு மருந்தும் உண்டு: பல இடங்களில் ‘வெரி’யை நீக்கிவிட்டு, அது சுமந்த மிகுதியை உள்ளேயே கொண்ட பெயரடையைத் தேடுங்கள். ‘வெரி ஆங்ரி’ என்று மூன்று முறை எழுதியிருந்தால் ஒரு முறை ‘ஃப்யூரியஸ்’ என்று எழுதலாம். மூன்றையுமே மாற்றிவிடாதீர்கள், எல்லாம் உச்சியில் நின்றால் எது உயரம் என்றே தெரியாது.

கேள்வி: ‘வெரி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? தமிழின் ‘ரொம்ப’ போலத்தானே அதுவும்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்காக ஓரளவு இடம் ஒதுக்கியே வைத்திருந்தேன். ‘வெரி’ பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் லத்தீனில் ‘உண்மையான’ எனப் பொருள்படும் ‘வேருஸ்’. தீர்ப்பைக் குறிக்கும் ‘வெர்டிக்ட்’, சரிபார்ப்பதைக் குறிக்கும் ‘வெரிஃபை’ ஆகியவை அதன் உறவினர். ‘தி வெரி மேன்’ என்றால் ‘அதே மனிதர்தாம்’ என்று பொருள்படுவதில் பழைய ‘உண்மை’யின் சாயல் இன்னும் இருக்கிறது. உண்மையைச் சொல்ல வந்த சொல் பயன்பட்டுப் பயன்பட்டு வெறும் மிகுதிச் சொல்லானதும், அதே பொருளில் ‘ரியலி’ வந்து சேர்ந்தது. அதுவும் இப்போது அதே வழியில் தேய்ந்துவருகிறது. அச்சத்தைக் குறித்த ‘டெரிபிள்’ என்பதிலிருந்து வந்த ‘டெரிப்லி’ இன்று ‘டெரிப்லி சாரி’ என்று மன்னிப்புக் கேட்க உதவுகிறது.

‘வெரி’ பரவுவதற்கு முன் ஆங்கிலத்தில் மிகுதியைச் சொன்ன சொற்களில் ‘ஃபுல்’ ஒன்று. ‘ஃபுல் வெல்’ என்ற தொடரில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. நிறைவைக் குறிக்கும் சொல்லே மிகுதிக்கு ஆகிவந்தது. நம்முடைய ‘ரொம்ப’ என்பதும் ‘நிரம்ப’ என்பதன் திரிபுதான். தொல்காப்பியர் ‘உறு’, ‘தவ’, ‘நனி’ என்ற மூன்றும் மிகுதிப் பொருளைத் தரும் என்றார்; நன்னூலார் ‘சால’, ‘கூர்’, ‘கழி’ ஆகியவற்றையும் சேர்த்தார். அவற்றில் ‘நனி’ என்பதைச் செய்யுளிலும் மேடையிலும் மட்டுமே கேட்கிறோம். பேச்சில் அதன் இடத்தில் ‘ரொம்ப’ வந்து அமர்ந்துவிட்டது, ‘ஃபுல்’ இருந்த இடத்தில் ‘வெரி’ வந்து அமர்ந்ததைப் போல.